வீட்டுக்குள் விழும் இருட்டு: தமிழ்த் திரையின் துப்பறிவாளர்கள்

1964-இல் வெளிவந்த 'புதிய பறவை'யின் கடைசிக் கட்டத்தில் கோபால் உடைந்துபோகிறான். செத்துப்போன மனைவி சித்ரா நான்தான் என்று ஒருத்தி அவனுடைய ஊட்டி பங்களாவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் சித்ரா இல்லை என்று அவன் எவ்வளவு கத்தினாலும் யாரும் நம்புவதாக இல்லை. வேறு வழியில்லாமல், சித்ரா எப்படிச் செத்தாள் என்பதை அவனே சொல்லிவிடுகிறான். தான் அறைந்த அறையில் அவள் உயிர் போனது, உடலை ரயில் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போட்டது, எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. அதன் பிறகுதான் அங்கே கூடியிருப்பவர்கள் யார் என்பது தெரிகிறது. சித்ராவாக நடித்தவள், அவளுடைய மாமாவாக வந்த எம்.ஆர்.ராதா, கப்பலில் பழக்கமான பெரியவர் வி.கே.ராமசாமி, அவர் மகள் லதாவாக வந்து கோபாலின் மனதில் குடியேறிவிட்ட சரோஜாதேவி, அத்தனை பேரும் போலீஸ்.

லதா வந்த வேலை முடிந்தது. ஆனால் வந்த இடத்தில் அவள் கோபாலை உண்மையாகவே காதலித்துவிட்டாள். கைவிலங்கும் கண்ணீருமாகப் படம் முடிகிறது.

தாதா மிராசி இயக்கிய இந்தப் படத்தின் கரு வங்காளம் வழியாகவும் பிரிட்டிஷ் படமொன்றின் வழியாகவும் வந்தது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அதைவிடக் கவனிக்கவேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. அமெரிக்க நுவார் படங்களில் ஆணை மயக்கிக் குழியில் தள்ளும் அழகி ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அவளுடைய வலையில் விழாமல் தப்பிப்பதோ, விழுந்து அழிவதோ துப்பறிவாளனின் தலையெழுத்து. 'புதிய பறவை'யில் அந்த அழகியே துப்பறிவாளர். வலையை விரித்தவளும் அவள்தான், அதில் சிக்கி நொந்தவளும் அவள்தான். இருண்ட குற்றப்படங்களில் துப்பறிபவர் எப்படிப்பட்ட ஆளாகக் காட்டப்படுகிறார் என்ற கேள்வியைத் தமிழில் கேட்டால் விடை ஹாலிவுட்டின் விடையாக இருக்காது என்பதற்கு இந்த ஒரு படமே போதுமான சாட்சி.

ஹாலிவுட்டின் விடை 1941-இல் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. ஜான் ஹூஸ்டனின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' அந்த ஆண்டு வந்தது. மூலநாவலை எழுதிய டாஷியல் ஹாமெட் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதனால் அவருடைய சாம் ஸ்பேடுக்கு ஒரு தொழில்காரனின் நடமாட்டம் இருக்கிறது. அவனுக்கு ஓர் அலுவலகம் உண்டு. கதவில் பெயர் உண்டு. உள்ளே வந்து பொய் சொல்லும் வாடிக்கையாளர் உண்டு. தான் விரும்பிய பெண்தான் கொலைகாரி என்று தெரிந்ததும் அவளைப் போலீஸிடம் ஒப்படைக்கிறான். கூட்டாளியைக் கொன்றவளை விட்டுவிட்டால் தொழில் நாறிப்போகும் என்பது அவனுடைய கணக்கு. 1946-இல் 'தி பிக் ஸ்லீப்' வந்தபோது அதே ஹம்ப்ரி போகார்ட் ரேமண்ட் சாண்ட்லரின் ஃபிலிப் மார்லோவாக மாறினார். நாளுக்கு 25 டாலர், செலவு தனி. கோடீஸ்வரர் வீட்டு அசிங்கத்தை அள்ளிப்போட அமர்த்தப்பட்டவன் அந்த வீட்டுக்காரர்களைவிட நாணயமானவனாக இருக்கிறான். போலீஸுக்கும் அவனுக்கும் ஆகாது. அதே 1946-இல், போர் முடிந்து பாரிசுக்கு மொத்தமாக வந்திறங்கிய இந்த வகை அமெரிக்கப் படங்களைப் பார்த்துத்தான் நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் அவற்றுக்கு 'நுவார்' என்ற பெயரைச் சூட்டினார்.

அந்த ஆள் அப்படியே நிற்கவும் இல்லை. 1947-இன் 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்'டில் ராபர்ட் மிட்சம் நடித்த துப்பறிவாளன் தேடிப்போன பெண்ணோடேயே ஓடிப்போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்கிறான். பழைய கணக்கு ஒருநாள் தேடி வருகிறது. 1955-இன் 'கிஸ் மீ டெட்லி'யில் மைக் ஹாமர் விவாகரத்து வழக்குகளில் கணவன் மனைவியரைச் சிக்கவைத்துப் பிழைக்கும் முரடன். 1958-இல் ஆர்சன் வெல்ஸ் 'டச் ஆஃப் ஈவில்' படத்தில் ஹேங்க் குவின்லன் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்தார். குற்றவாளி யார் என்று உள்ளுணர்வு சொல்லிவிட்டால் போதும், சாட்சியத்தைத் தானே தயாரித்து வைத்துவிடும் ஆள் அவர். பதினேழு ஆண்டுகளில் நாணயமான கூலிக்காரன் குற்றத்தின் பங்காளியாகிவிட்டான். 1974-இன் 'சைனாடவுன்' இந்தப் பாதைக்கு முற்றுப்புள்ளி மாதிரி. அதன் துப்பறிவாளன் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறான், யாரையும் காப்பாற்ற முடியவில்லை.

தமிழ்ப் படங்களில் அந்தக் கண்ணாடிக் கதவு அலுவலகத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. எழுத்தில் இல்லாமல் இல்லை. பண்டித நடேச சாஸ்திரி 1894-லேயே தானவன் என்ற போலீஸ் நிபுணனைத் தமிழில் உலவவிட்டார். ஜே.ஆர்.ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், ஆரணி குப்புசாமி முதலியார் மேல்நாட்டுக் கதைகளிலிருந்து தமிழாக்கிய ஆட்கள், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாசகர்களை இழுத்த பட்டாளம் ஒன்று உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லால், பிறகு எண்பதுகளில் பஸ் நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜயந்தி, விவேக்-ரூபலா என்று வரிசை நீண்டது. சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்தியவர்களும் இவர்களில் உண்டு. ஆனால் இவர்களில் மிகச் சிலரே திரைக்கு வந்தார்கள். சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் போன்ற எழுத்தாளர்கள் சினிமாவுக்குப் போனார்கள்; அவர்களுடைய துப்பறிவாளர்கள் புத்தகத்திலேயே தங்கிவிட்டார்கள்.

திரைக்கு வந்த முந்தைய தலைமுறையில் குறிப்பிடவேண்டியவர் திகம்பர சாமியார்தான். மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1950-இல் எடுத்த அந்தப் படத்தில் எம்.என்.நம்பியார் பதினொரு வேடங்களில் வந்தார். பின்னாளில் வில்லனாகவே மனதில் பதிந்துவிட்ட நம்பியார் கதாநாயகனாக, அதுவும் துப்பறிவாளராக வந்தது இன்றைக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அந்தப் படம் ஒரு மரபைத் தொடங்கிவைத்தது: தமிழ்த் துப்பறிவாளர் மாறுவேடக்காரர். அவருக்கென்று சொந்த முகம் கிடையாது. கடைசியில் ஒட்டுமீசையைப் பிய்த்து எறியும்போதுதான் தான் யார் என்று காட்டுவார். நாடக மேடையிலிருந்தும் கூத்திலிருந்தும் வந்த ருசி இது. அமெரிக்க நுவாரின் துப்பறிவாளன் முதல் காட்சியிலிருந்தே யார் என்று தெரிந்தவன். அவனைச் சுற்றியுள்ளவர்கள்தான் வேடதாரிகள். இங்கே அது தலைகீழ். 'புதிய பறவை'யின் மொத்தக் கூட்டமும் மாறுவேடத்தில் இருந்தது தற்செயலாக நடந்ததில்லை.

'திகம்பர சாமியார்' வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, எந்த நுவார் படத்துக்கும் குறையாத இருட்டை மதராஸ் நேரில் பார்த்திருந்தது. நடிகர்களின் அந்தரங்கத்தை 'இந்துநேசன்' பத்திரிகையில் எழுதிவந்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். கைதானவர்களில் இருவர் அன்றைய தமிழ்த் திரையின் உச்சத்தில் இருந்தவர்கள்: எம்.கே.தியாகராஜ பாகவதர், நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான என்.எஸ்.கிருஷ்ணன். தண்டனை பெற்று, மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. மிரட்டல் பத்திரிகை, பட்டப்பகல் கத்திக்குத்து, சிறைக்குப் போன நட்சத்திரங்கள் என்று ஹாலிவுட்டில் பல படங்களுக்குத் தீனியாகியிருக்கக்கூடிய விஷயம். தமிழ்த் திரை அன்று அதைத் தொடவே இல்லை. விடை கிடைக்காத வழக்கைப் படமாக்கும் துணிவு அப்போது இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைசி ரீலில் போலீஸ் வந்து கைவிலங்கு மாட்டியாக வேண்டும் என்ற வழக்கம் எண்பதுகள் வரை அசைக்கமுடியாமல் இருந்தது.

துணிவு வேறு வழியில் வந்தது. 1954 ஏப்ரலில் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' தமிழின் முதல் நுவார் படம் என்று சொன்னால் இன்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பாட்டு இல்லை, நடனம் இல்லை. இயக்கிய எஸ்.பாலசந்தர் வீணை வித்வான் என்பது இதில் கூடுதல் ருசி. 1943 அக்டோபர் 11 அன்று ஜப்பானிய விமானம் மதராஸில் குண்டு போட்ட சம்பவத்தை ஒட்டிக் கதை நடக்கிறது. ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுத் தடுமாறி விழுவதோடு படம் ஆரம்பிக்கிறது. அந்த வேடத்தில் சிவாஜி கணேசன். கதாநாயகனை முதல் காட்சியிலேயே சாகடித்துவிட்டுப் படத்தை நடத்துவது அன்றைய நிலவரத்தில் தயாரிப்பாளருக்குப் பேதி கொடுக்கிற காரியம். முதல் வெளியீட்டில் வசூல் சுகப்படவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை.

துப்புத் துலக்க வருபவர் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம். வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே அந்த வேடத்தையும் ஏற்றார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்புள்ள நடனக்காரி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் கொலையாளி வேறு. குரோசவாவின் 'ரஷோமோன்' போட்ட பாதை இது. ஆனால் 'ரஷோமோன்' உண்மையை அந்தரத்தில் தொங்கவிட்டு விலகிவிடும். சிவானந்தம் அப்படி விடுகிற ஆள் இல்லை. கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, தேர்தல் மாதிரி ஆளுக்கொரு சீட்டில் சந்தேகப்படும் பெயரை எழுதச் சொல்கிறார். எஸ்.மாருதி ராவின் ஒளிப்பதிவில் ஜன்னல் கம்பிகளின் நிழல் முகங்களைக் கூறுபோட்டுக் காட்டுகிறது. பேச்சும் குரலும் மட்டும் மரியாதை தப்பாமல் இருக்கின்றன. சிவானந்தம் யாரையும் அடிப்பதில்லை, அதட்டுவதும் அபூர்வம். அவருடைய வீட்டையோ குடும்பத்தையோ படம் காட்டுவதில்லை. அவர் மேல் எந்தக் கறையும் படியாது.

கறை முழுக்க அந்த வீட்டின் மேல். ராஜன் எதிரிக்கு ரகசியம் விற்ற தேசத்துரோகி. அவனைச் சுட்டது அவன் மனைவி உஷா. பண்டரிபாய் நடித்த அந்த உஷா சாந்தமே உருவான இல்லத்தரசி. இங்கேதான் தமிழ் நுவார் தன் தனிவழியைக் கண்டுபிடித்தது. அமெரிக்கப் படத்தில் இருட்டு மழை நனைத்த தெருவிலும் மதுக்கூடத்திலும் இருக்கிறது. துப்பறிவாளன் அதற்குள் நடந்து போகிறான். தமிழ்ப் படத்தில் இருட்டு வீட்டுக்குள், தாலிக்கும் தொட்டிலுக்கும் நடுவில் இருக்கிறது. அரசாங்கச் சம்பளக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டியிருக்கிறது. அடுத்த அறுபது ஆண்டுகளில் மாறியது ஒன்றே: முதலில் பிறர் வீட்டில் இருந்த அந்த இருட்டு பிறகு துப்பறிபவரின் வீட்டுக்கே குடிவந்தது.

நடுவில் வந்த ஜெய்சங்கர் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' எல்லாம் ஜாலியான படங்கள். ரகசிய அறைகளும் விளக்குகள் மினுக்கும் இயந்திரங்களும் நிறைந்தவை. ஜேம்ஸ்பாண்ட் வந்துவிட்ட பிறகு துப்பறிவாளருக்குச் சந்தேகம், குற்றவுணர்ச்சி எல்லாம் தேவைப்படவில்லை. எம்.ஜி.ஆரின் 'ரகசிய போலீஸ் 115'-உம் இந்த வகைதான். இவற்றுக்கு நடுவில் 1965-இன் 'கலங்கரை விளக்கம்' மட்டும் வேறு காரணத்துக்காகக் கவனத்துக்குரியது. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. 'வெர்டிகோ'வின் நாயகன் உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் வியாதியால் வேலையை விட்ட துப்பறிவாளன். படத்தின் உயிரே அந்த ஊனம்தான். தமிழில் அவன் எம்.ஜி.ஆராக மாறியபோது வக்கீலானான், தலைசுற்றலும் போய்விட்டது. நாயகனுக்குப் பலவீனம் கூடாது என்ற விதி துப்பறிவாளரிடமிருந்து நுவாரையே உருவிவிட்டது.

வக்கீல் என்றதும் சுஜாதாவின் கணேஷ் நினைவுக்கு வருவான். 1968-இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' நாவலில் அறிமுகமான அவன்தான் தமிழில் மார்லோவுக்கு மிக நெருங்கியவன். அலுவலகம் உண்டு, கட்டணம் உண்டு, வாடிக்கையாளரை நம்பாத புத்தியும் குத்தலான பேச்சும் உண்டு. 'காயத்ரி' (1977) படத்தில் ஜெய்சங்கர், 'ப்ரியா' (1978) படத்தில் ரஜினிகாந்த் என்று இருவர் கணேஷாக நடித்தார்கள். இருவரிடமும் நாவலின் கணேஷைக் காணோம். அவனுடைய கூர்மை வாக்கியங்களில் இருந்தது. திரையில் அந்த இடத்தைப் பாட்டும் சிங்கப்பூரும் பிடித்துக்கொண்டன.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கேமரா குற்றவாளி பக்கம் போய் நின்றுகொண்டது. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) இரண்டிலும் கொலைகாரனின் மனம்தான் கதைக்களம். போலீஸ் கதவுக்கு வெளியே நிற்கிறது. பிறகு 1986-இல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த 'ஊமை விழிகள்' வந்தது. கடற்கரை உல்லாசக் குடியிருப்பு ஒன்றில் பெண்கள் காணாமல் போகிறார்கள். துப்பறிபவர்கள் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்காரர்கள், டி.எஸ்.பி. தீனதயாளனாக விஜயகாந்த் பின்னால் சேர்ந்துகொள்கிறார். பத்திரிகை ஆசிரியராக வந்தவர் ஜெய்சங்கர், கொலைகாரராக வந்தவர் ரவிச்சந்திரன். அறுபதுகளில் துப்பாக்கியோடு துள்ளிக்குதித்த இருவரையும் நரைத்த தலையோடு இப்படி எதிரெதிரே நிறுத்தியது நல்ல யோசனை.

1990-இல் 'புலன் விசாரணை' வந்த பிறகு துப்பறிதல் என்றால் காக்கிச்சட்டை, காக்கிச்சட்டை என்றால் கோபம் என்றாகிவிட்டது. சாட்சியத்தைவிட அடி முந்திக்கொண்டது. 'டச் ஆஃப் ஈவில்' குவின்லனை வில்லனாகப் பார்த்தது. தமிழ்ப் படங்கள் அவனைப் போன்றவர்களுக்குக் கைதட்டல் வாங்கிக்கொடுத்தன. இந்தக் கைதட்டலுக்கு ஒரே நேரான பதில், மு.சந்திரகுமாரின் 'லாக்கப்' நூலை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை'. குண்டூரில் கூலிவேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களை, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். துப்பு, தடயம், கைரேகை எதுவும் இல்லை. லத்திதான் முழு விசாரணை. பிற்பாதியில் சமுத்திரக்கனியின் இன்ஸ்பெக்டர் முத்துவேல் வருகிறார். கொஞ்சம் மனசாட்சி உள்ளவர், அதனாலேயே இயந்திரத்துக்குள் அரைபடுகிறவர். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடியில் இருந்த தந்தையும் மகனும் இறந்தபோது பலருக்கு இந்தப் படம் நினைவுக்கு வந்தது. தமிழ்த் துப்பறியும் படங்களைப் பற்றிப் பேசும் யாரும், அவை காட்டாமல் விட்டதை 'விசாரணை' காட்டிவிட்டது என்பதை மறந்துவிட்டுப் பேசமுடியாது.

2000-க்குப் பிறகுதான் இருட்டு துப்பறிபவரின் வீட்டுப் படியேறியது. கௌதம் மேனனின் 'வேட்டையாடு விளையாடு'வில் (2006) போலீஸ் அதிகாரி ராகவன் மனைவியை இழந்தவர். மிஷ்கினின் 'யுத்தம் செய்' (2011) இன்னும் ஒரு படி போகிறது. பொது இடங்களில் அட்டைப்பெட்டிக்குள் வெட்டப்பட்ட கைகள் கிடைக்கின்றன. விசாரிக்க வரும் சி.பி.சி.ஐ.டி. அதிகாரி ஜே.கே.யின் தங்கையே காணாமல் போயிருக்கிறாள். சேரன் அந்த வேடத்தைக் குரல் உயர்த்தாமல், பாதித் தூக்கத்தில் இருப்பவர் மாதிரி செய்தார். தமிழில் நுவார் துப்பறிவாளருக்கு மிகப் பொருத்தமான உடல்மொழி அது என்று சொல்லலாம். அவர் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைக்கு நேர்ந்ததற்குப் பழிதீர்க்கும் ஒரு குடும்பத்தை. அண்ணனாக அவர் அவர்கள் பக்கம், அதிகாரியாக எதிர்ப்பக்கம். அதே மிஷ்கின் ஷெர்லக் ஹோம்ஸை நினைத்து எடுத்த 'துப்பறிவாளன்' (2017) தனியார் துப்பறிவாளரைக் கொண்டுவந்தது. செத்துப்போன நாய்க்குட்டிக்காக ஒரு பையன் கொண்டுவரும் சின்ன வழக்கில் கணியன் பூங்குன்றன் ஆர்வம் கொள்ளும் தொடக்கம் அருமை. ஆனால் அது அறிவு விளையாட்டின் படம். கணியனுக்கு ஊன்றி நிற்க வீடு கிடையாது.

'ராட்சசன்' (2018) படத்தின் அருண் இயக்குநராக ஆசைப்பட்டுத் தொடர்கொலைகாரர்களைப் பற்றிய செய்திகளை வெட்டி ஒட்டி வைத்திருந்தவன். வேறு வழியில்லாமல் எஸ்.ஐ. ஆகிறான். அந்தச் செய்தித்துணுக்குகள் வழக்கில் உதவுகின்றன, ஆனால் அக்காள் மகளை அவனால் காப்பாற்ற முடியவில்லை. கார்த்திக் நரேனின் 'துருவங்கள் பதினாறு' (2016) இந்த வரிசையில் ஆகத் துணிச்சலானது. காலை இழந்து ஓய்வுபெற்ற தீபக், பழைய கோயம்புத்தூர் வழக்கொன்றை ஓர் இளைஞனுக்குக் கதையாகச் சொல்கிறார். தீபக்காக நடித்த ரகுமானின் நிதானமான குரலை நம்பி நாம் பின்னால் போகிறோம். நெருங்கிய உறவொன்றைக் காப்பாற்ற அவரே உண்மையை மறைத்தவர் என்பது கடைசியில் தெரிகிறது. 'அந்த நாள்' படத்தில் சாட்சிகள்தான் பொய் சொன்னார்கள். இங்கே கேள்வி கேட்டவரே பொய் சொல்லியிருக்கிறார்.

குரோசவாவின் இன்னொரு படத்துக்கும் தமிழில் வாரிசு உண்டு. போரில் தோற்ற டோக்கியோவின் வெயிலில், தொலைத்த துப்பாக்கியைத் தேடி ஓர் இளம் போலீஸ்காரன் அலையும் 'ஸ்ட்ரே டாக்' (1949), ஸ்ரீகணேஷின் '8 தோட்டாக்கள்' (2017) ஆனது. துப்பாக்கியைத் தொலைத்த சத்யா சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் வளர்ந்த அநாதை. அந்தத் துப்பாக்கி சேரும் கை, வீட்டார் ஒதுக்கிய முதியவர் ஒருவருடையது. அந்த வேடத்தில் எம்.எஸ்.பாஸ்கர் பேசப்பேச அவர் மேல் நமக்கு வரும் பரிவு படத்தின் நீதிக்கணக்கைக் குழப்பிவிடுகிறது. இருவரையும் இணைப்பது வீடில்லாமை. மூலப்படத்தின் போர்க்கால வறுமை இருந்த இடத்தில் தமிழ்ப் படம் குடும்பத்தின் கைவிடலை வைத்தது. பழைய பழக்கம் எளிதில் போவதில்லை.

தனியார் துப்பறிவாளர் தமிழ்ப் படத்தில் காலூன்றாததற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. இந்தியாவில் அந்தத் தொழிலுக்கென்று உரிமச் சட்டம் இல்லை. 2007-இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. நம் ஊரில் இத்தகைய நிறுவனங்களின் பிழைப்பு கொலை வழக்குகளில் இல்லை, கல்யாணங்களில் இருக்கிறது: மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குப் பழைய சிநேகம் உண்டா, சொன்ன சம்பளம் சரியா. ஆக அங்கேயும் வீடுதான். பி.ரமேஷின் 'தெகிடி' (2014) இந்த உண்மையான வேலையை எடுத்துக்கொண்டது. குற்றவியல் படித்த வெற்றிக்கு ஒரு துப்பறியும் நிறுவனத்தில் வேலை கிடைக்கிறது. குறிப்பிட்ட ஆட்களைப் பின்தொடர்ந்து அவர்களுடைய அன்றாடத்தைக் குறித்துக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். அவன் யாரையெல்லாம் பின்தொடர்ந்தானோ அவர்களெல்லாம் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பின்னால் இருப்பது இன்சூரன்ஸ் மோசடி. அடுத்ததாகப் பின்தொடரவேண்டிய பெண்ணை அவன் காதலிக்கிறான். தான் எழுதிய நேர்த்தியான அறிக்கைகளே கொலைக்கருவி என்று உணர்பவனின் முகம் அசோக் செல்வனுக்கு நன்றாக வாய்த்தது. மார்லோவின் வழியில் நடந்து மார்லோவுக்குத் தெரியாத இடத்துக்குப் போன படம் இது. போதுமான அளவு பேசப்படவில்லை.

பெண் துப்பறிவாளர்கள் விஷயத்தில் தமிழ்த் திரையின் கணக்கு மோசம். சரோஜாதேவியின் லதாவுக்குப் பிறகு அந்த அளவு சிக்கலான ஒருத்தியைப் பார்க்கப் பல பத்தாண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது. புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய 'சுழல்' (2022) தொடரில் ஸ்ரேயா ரெட்டி நடித்த இன்ஸ்பெக்டர் ரெஜினா அப்படிப்பட்டவள். தொழிற்சாலைப் போராட்டத்தை ஒடுக்குவதில் எந்தத் தயக்கமும் காட்டாத அதிகாரி, காணாமல் போன பெண்ணின் வழக்கில் தன் மகனும் சிக்கியிருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். பல மணி நேரம் ஓடும் தொடர் என்பதால் அவள் வீட்டுச் சமையலறையையும் ஸ்டேஷனையும் மாறிமாறிக் காட்ட இடம் இருந்தது. இரண்டரை மணி நேரப் படம் துப்பறிபவரின் வீட்டை ஒரு புகைப்படத்திலோ ஒரு போன் அழைப்பிலோ முடித்துவிடும்.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'வதந்தி' கதையைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கொண்டுபோனது. இந்த மாவட்டம் தமிழ்த் திரைக்குப் புதிதில்லை; அதன் முகமாக நெடுங்காலம் இருந்தது முட்டம். பாரதிராஜா 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை', 1986-இல் 'கடலோரக் கவிதைகள்' இரண்டையும் அங்கே எடுத்தார். பாறைமேல் மோதும் அலை, செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், மீனவக் குடியிருப்புக்கு நடுவே எழும் கிறிஸ்தவக் கோயில் என்று முட்டத்தின் ஒவ்வொரு மூலையும் காதலுக்கு வாய்த்த வெளிச்சமாகவே ரசிகர் மனதில் தங்கியது. வெளியூர்க்காரர்கள் இன்றும் அந்தப் பாறைகளில் ஏறி நின்று படம் பிடித்துக்கொள்வது அந்த வெளிச்சத்தால்தான். 'அலைகள் ஓய்வதில்லை'யின் மேரி கிறிஸ்தவப் பெண். ஊர் வாயும் அண்ணனின் ஆத்திரமும் அவளைத் துரத்துகின்றன, காதல் வென்றுவிடுகிறது.

ஆண்ட்ரூ லூயிஸ் உருவாக்கிய 'வதந்தி'யின் வெலோனியும் கிறிஸ்தவப் பெண்தான். ஆங்கிலோ-இந்தியத் தாய் ரூபி லாட்ஜ் நடத்துகிறாள். லைலா அந்த வேடத்தில். இந்த முறை ஊர் வாய்தான் வென்றிருக்கிறது. சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் அவள் உடல் கிடைக்கிறது. முதலில் அது நடிகையின் உடல் என்று செய்தி பரவுகிறது, பிறகு வெலோனி என்று தெரிகிறது. காதல் படங்களுக்குப் பின்னணியாக இருந்த மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்புக்கு நடுவே பிணத்தைக் கிடத்தியது தெரிந்தே செய்த குறும்பாகவும் இருக்கக்கூடும். பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வெலோனியைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு அவள் அடங்காதவள், இன்னொருவருக்கு ஏமாந்தவள். பத்திரிகைகள் தங்கள் பங்குக்கு எழுதுகின்றன, நாசர் நடித்த எழுத்தாளர் அவளை நாவலாகவே எழுதிவிடுகிறார். ஆட்டோ பிரெமிங்கரின் 'லாரா' (1944) படத்தில் செத்ததாகக் கருதப்படும் பெண்ணின் ஓவியத்தைப் பார்த்தே துப்பறிவாளன் மயங்கிப்போவான். வெலோனி வழக்கை விசாரிக்கும் எஸ்.ஐ. விவேக்கை இழுப்பது மயக்கம் இல்லை. பேசமுடியாத ஒருத்தியைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை.

விவேக்காக நடித்த எஸ்.ஜே.சூர்யா வழக்கமாகக் கொண்டுவரும் கூச்சலை இதில் வெகுவாகக் குறைத்துக்கொண்டார். விவேக் பெரிய புத்திசாலி இல்லை. தப்புப் பண்ணுகிறான், தப்பான ஆட்களைத் துரத்துகிறான். வீட்டில் மனைவி அஞ்சலி காத்திருந்து சலித்துப்போகிறாள். செத்துப்போன பெண் ஒருத்தி தன் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருக்கிறாள் என்ற அவளுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. தொடர் சில இடங்களில் இழுக்கிறது, சில திருப்பங்கள் வேண்டுமென்றே வைத்தவை. ஆனாலும் வழக்கை முடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கச் சொன்ன பிறகும் விவேக் அலைவதில் தமிழ்த் திரையில் நெடுங்காலம் இல்லாத ஓர் ஆள் தென்படுகிறான். யூனிபார்ம் அவனுக்கு அப்போது பயன்படவில்லை. அவனுக்கு வாடிக்கையாளர் இல்லை, நாளுக்கு 25 டாலரும் இல்லை; சொந்தப் பைக்கின் பெட்ரோலும் சொந்தக் குடித்தனமும்தான் செலவாகின்றன. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஒருவன் தனியார் துப்பறிவாளனாகிவிடுகிறான்.